தொட்டி காலியாகிற வரைக்கும்

தமிழா தம்பி? நெனச்சேன். முன் கண்ணாடியில வேல் தொங்குதே, அதைப் பாத்துட்டுத்தான் எறங்கி வந்தேன். நீங்க உக்காருங்க, எறங்கவெல்லாம் வேணாம். நான் இப்படி சன்னல் பக்கம் நின்னுக்கறேன். ஞாயித்துக்கெழமை மத்தியானம்னா இந்த வரிசை இப்படித்தான். பார்க்ல இருக்கற அத்தனை வீட்டு வண்டியும், அத்தனை ஆர்.வி.யும் கழிவுத் தண்ணியத் தொறந்துவிட ஒரே நேரத்துல கெளம்பி வந்துரும். எனக்கு முன்னாடி நிக்கிறவன் நாய்க்கு முடி சீவிக்கிட்டு இருக்கான்னா பாத்துக்கங்களேன். முன்னாடி போக வழியில்ல, பின்னாடி நீங்க. மாட்டிக்கிட்டோம். பேசிக்கிட்டாவது இருப்போம்.

வணக்கம்மா. தம்பி வீட்டுக்காரங்களா? நல்லாருங்க.

மொத தடவையா ஆர்.வி. எடுத்திருக்கீங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ரப்பர் கையுறை வச்சிருக்கீங்கள்ல? மொதல்ல கருப்புத் தொட்டியத் தொறக்கணும். அது கக்கூஸ் தண்ணி. அது பூரா போனதுக்கப்புறம் சாம்பல் தொட்டி. சாம்பல்னா ஒண்ணுமில்ல, குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணி. இது பின்னாடி வந்து கொழாயக் கழுவி விட்டுரும். மாத்திச் செஞ்சீங்கன்னா அம்புட்டுத்தான். எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரல. நானா அடிபட்டுக் கத்துக்கிட்டேன். இந்தத் தடவை அந்தச் சாம்பல் தொட்டியாலதான் தம்பி என் குடும்பத்துலயே குழப்பம்.

என் பேரு பால்பாண்டி. திருமங்கலம் பக்கம். அமெரிக்கா வந்து பதினஞ்சு வருஷம், செயின்ட் லூயிஸ்ல இருக்கோம். வீட்டுக்காரி காளீஸ்வரி, அவளுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். ஒரு பையன். இந்த ஏரிக்கு வருஷா வருஷம் வருவோம். நாங்க, ஜெரால்டு குடும்பம், அவன் ஆபீஸ்ல ரெண்டு குடும்பம். ஜெரால்டுக்கு நாகர்கோவில், அவன் சம்சாரம் ஷீபா. இத்தனை வருஷமும் எல்லாரும் கேபின்தான் எடுப்போம். மரத்துல கட்டுன வீடு, நல்லாத்தான் இருக்கும். ஆனா உள்ள அடுப்பு கெடையாது, தண்ணிக் கொழாய் கெடையாது. வெளிய கரியடுப்புல காளி பொங்கி எறக்குவா. பொகை கண்ணுல அடிக்கும். பாத்திரத்தையெல்லாம் தூக்கிக்கிட்டுப் பொதுக் கொழாய்க்கு நடப்பா.

போன பங்குனியில ஒரு நாள் சொன்னா: "ஏங்க, இந்தத் தடவை அடுப்புப் பக்கமே போகாம ஒரு நாலு நாள் எங்கயாச்சும் உக்காந்திருக்கணும் போல இருக்கு."

எனக்குப் பாவமாப் போச்சு தம்பி. நான் மனசு இல்லாதவன் இல்ல. பொகையில வேகுறாளேன்னு நெனச்சேன். அந்த அடுப்புதான அவளுக்குப் பிடிக்கல? உடனே இந்த ஆர்.வி.ய வாடகைக்குப் பேசிட்டேன். மூணு பர்னர் அடுப்பு. ஓவன். ஃப்ரிட்ஜ். சின்க்குல சுடுதண்ணி. நின்ன எடத்துல நின்னு சமைக்கலாம், கைய நீட்டுனா எல்லாம் எட்டும். வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன். "பாரு, உன் அடுப்படிய அப்படியே கொண்டாந்துட்டேன்"னு சொன்னேன். சின்க்குல கைய வச்சுக்கிட்டு நின்னா. சந்தோசத்துல பேச்சு வரலன்னு நெனச்சுக்கிட்டேன். உங்க வீட்டுக்காரங்களுக்கு இப்படி எதாச்சும் செஞ்சிருக்கீங்களா? செய்யுங்க. பொம்பளைங்க வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க, நாமதான் புரிஞ்சுக்கிட்டுச் செய்யணும்.

வந்து எறங்குனது வியாழக்கெழமை. இட்லிக் கொப்பரை, ரெண்டு குக்கர், கிரைண்டர், மசாலா தடவி ஐஸ் போட்டு வச்ச கறி, எல்லாம் கூடவே வந்துருச்சு. மத்தவங்க என்ன கொண்டு வந்தாங்கங்கிறீங்க? ஜெரால்டு சிப்ஸ் கொண்டு வந்தான். மத்த ரெண்டு குடும்பமும் பேப்பர் தட்டு. "அண்ணி கைப்பக்குவம் இருக்கப்ப நாங்க என்னத்தக் கொண்டு வர்றது"ம்பான் ஜெரால்டு. அதுல நமக்கும் ஒரு பெருமைதான் தம்பி. நம்ம வண்டி முன்னாடி துணிப் பந்தலை இழுத்துவிட்டு, சேரைப் போட்டா, ஒரு கல்யாண வீடு மாதிரி ஆயிரும். வெள்ளிக்கெழமை காலையில இட்லி, கறிக்கொழம்பு. மத்தியானம் மீன். சாயந்தரம் பஜ்ஜி. அப்புறம் சப்பாத்தி. வெள்ளைக்காரன் ஒருத்தன் சைக்கிள்ல போனவன் நின்னு மோந்து பாத்துட்டுப் போறான்.

காளிய நான் கூப்பிடத்தான் செஞ்சேன். "வாடி, ஏரியப் பாரு, சூரியன் எறங்குறதப் பாரு"ன்னேன். "சப்பாத்தி கருகிரும்"னா. சன்னல் இருக்கு தம்பி அடுப்புக்கு மேல. அதுல எட்டிப் பாத்தா ஏரி தெரியும். அப்படிப் பாத்துத்தான் நிறுத்தினேன் வண்டிய.

சனிக்கெழமை காலையில பொங்கல் சாப்பிட்டு எல்லாரும் படகுல போனோம். பிள்ளைக, பெரியவங்க, எல்லாரும். காளி வரல. மத்தியானத்துக்கு பிரியாணி, அதனால வெங்காயம் உரிக்கணும், பாத்திரம் வேற கெடக்குன்னு இருந்துட்டா. நாங்க ஏரிய ஒரு சுத்துச் சுத்திட்டு பசியோட திரும்பி வந்தா, வெங்காயம் உரிச்சபடி இல்ல. அரிசி களைஞ்சபடி இல்ல. காளி வெளிய, ஓக் மரத்தடியில, சேர்ல சாஞ்சு உக்காந்திருக்கா. கால் ரெண்டையும் இன்னொரு சேர்ல நீட்டிக்கிட்டு.

"என்னடி ஆச்சு"ன்னேன்.

"தொட்டி நெறஞ்சுருச்சு போலங்க"ன்னா.

உள்ள போய்ப் பாக்கறேன். சின்க்குல கொழாய் தொறந்தபடி ஓடுது. கீழ தொட்டி நெறஞ்சு, போக எடமில்லாம, குளிக்கற அறை ஓட்டை வழியா தண்ணி திரும்பி மேல வந்திருக்கு. மஞ்சத் தண்ணி தம்பி. அதுல கடுகு மெதக்குது, கருவேப்பிலை மெதக்குது, மொத நாள் மீன் செதில் மெதக்குது. தரைவிரிப்பு வரைக்கும் வந்துருச்சு. கொழாய மூடுனேன். எனக்கு வந்துச்சே கோவம்! காலையில ஜெரால்டு மக கை கழுவணும்னு உள்ள போனது எனக்கு ஞாபகம் இருக்கு. கூப்பிட்டு, எல்லாரும் இருக்கும்போதே வஞ்சிட்டேன். "கொழாயத் தொறந்தா மூடத் தெரியாதா உனக்கு"ன்னு. அது அழுதுருச்சு. ஷீபா மூஞ்சி சுண்டிப் போச்சு.

அப்பப் பாருங்க, காளி எந்திரிக்கக்கூட இல்ல. உக்காந்த எடத்துல இருந்தே சொல்றா: "அந்தப் பிள்ளைய ஏன் வையிறீங்க? நான்தான் தொறந்து வச்சேன். மூடல."

எவ்வளவு பெரிய மனசு பாத்தீங்களா! அடுத்த வீட்டுப் பிள்ளை அழக்கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிட்டா. நான் நம்புவேனா? முதுகுளத்தூர்க்காரி தம்பி அவ. தண்ணி லாரிக்குப் பின்னாடி குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடி வளந்தவ. இந்த ஊருக்கு வந்தும் அரிசி களைஞ்ச தண்ணிய செடிக்கு ஊத்துறவ. நான் பல்லு வெளக்கறப்போ கொழாயத் தொறந்து போட்டா பின்னாடியே வந்து மூடுவா. அவளா கொழாயத் தொறந்து வச்சுட்டு வெளிய வந்து கால நீட்டி உக்காருவா? "சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு அவ வாய அடைச்சுட்டேன். அவ சிரிச்சா. ஷீபாவும் எதுக்கோ சிரிச்சா. பொம்பளைங்க.

சரி, வண்டிய இங்க ஓட்டிட்டு வந்து தொட்டியக் காலி பண்ணிரலாம்னா, அதுக்கும் வழியில்ல. பக்கவாட்டுல பெட்டி மாதிரி வெளிய நீளுமே ஒரு அறை, அது உள்ள போக மாட்டேன்னு நிக்குது. பட்டன அமுக்குறேன், உறுமுது, நகரல. அது உள்ள போகாம வண்டிய எடுக்க முடியாது. வண்டிக்காரனுக்குப் போன் போட்டா எடுக்கல. ஆக, சமைக்க முடியாது, கழுவ முடியாது, வண்டிய நகத்தவும் முடியாது. பதினாலு பேரு பசியோட நிக்கிறோம். கடைசியில ஜெரால்டு டவுனுக்குப் போய் பீட்சா வாங்கிட்டு வந்தான். சனிக்கெழமை மத்தியானம் பீட்சா, சாயந்தரம் ரொட்டி, ஜாம். நான் என்னமோ பண்ணலாம்னு வந்தேன், நாசமாப் போச்சு.

இதுல காளிதான் தம்பி எனக்குப் புரியல. அவ்வளவு நாறுது வண்டி. அவளுக்கு வருத்தமே இல்ல. ரெண்டு துண்டு பீட்சாவ எடுத்துக்கிட்டு ஏரிப் பக்கம் நடந்தவ நடந்தவதான். சாயந்தரம் தேடிக்கிட்டுப் போறேன். குளிக்கற எடத்துக்கு எல்லையாக் கட்டுன கயித்துக்கு அங்கிட்டு வரைக்கும் போய் ஒரு தலை மெதக்குது. யாருடா இதுன்னு பாத்தா நம்மாளு. சுடிதாரோட நீந்திக்கிட்டு இருக்கா. மல்லாந்து படுத்து மெதக்கறா, குப்புறத் திரும்பறா, முங்குறா. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவளுக்கு நீச்சல் தெரியும்னு எனக்குத் தெரியாது தம்பி. கரைக்கு வந்ததும் கேட்டேன். கண்மாய் பெருகுன வருஷத்துல அண்ணன்மாரோட படிச்சாளாம். "என்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னேன். "எங்க சொல்றது"ங்கறா. அதுக்கு என்னங்க அர்த்தம்? ஒரே வீட்டுலதான இருக்கோம்?

அப்புறம்தான் குண்டத் தூக்கிப் போட்டா. பொழுது எறங்கி எல்லாரும் நெருப்பச் சுத்தி உக்காந்திருக்கோம். தலைய ஈரத்தோட விரிச்சுப் போட்டுக்கிட்டு, சாதாரணமாச் சொல்றா.

"நாளைக்கு நீங்க பையனக் கூட்டிக்கிட்டு கெளம்புங்க. அந்தக் கடைசிக் கேபின் புதன்கெழமை வரைக்கும் சும்மா கெடக்காம். நான் அதுல இருந்துட்டு வர்றேன். ஷீபா வந்து கூட்டிக்கிறேன்னு சொல்லியிருக்கா."

"தனியாவா?"

"ஆமா."

"என்ன பண்ணுவ?"

"சும்மா இருப்பேன்."

எல்லாரும் சிரிச்சுட்டோம். நானும் சிரிச்சேன். "சும்மா இருக்கறதுக்கு வீட்டுல எடமில்லாமயா ஏரிக்கு வந்து இருக்கப் போற"ன்னு கேட்டேன். அவ சிரிக்கல. "வீட்டுல எடமில்லதான்"னா. நாலு பெட்ரூம் வீடு தம்பி! ஜெரால்டு முன்னாடி அப்படிச் சொல்லலாமா?

நான் அவளுக்கு என்ன கொறை வச்சேன்? சொல்லுங்க. கார் ஓட்டப் பழகுன்னேன், நானே கூட உக்காந்து சொல்லிக் குடுத்தேன். ரெண்டு சத்தம் போட்டா அழுதுருவா, பழகல. ஊர்ல நர்ஸா இருந்தவதான். இங்க வேலைக்குப் போற அனுமதி வந்து வருஷக்கணக்காச்சு. போயேன், யாரு வேணாம்னா? ஆனா காலையில பையனுக்குப் பாக்கணும், மத்தியானம் நான் வீட்டுக்குச் சாப்பிட வருவேன், சாயந்தரம் யாராச்சும் வருவாங்க. அதுக்கு நடுவுல எந்த ஆஸ்பத்திரிக்காரன் வேலை குடுப்பான்? இதை நான் பொறுமையா எடுத்துச் சொல்லியிருக்கேன். அவளும் கேட்டுக்கிட்டா.

ஒரு நிமிசம் தம்பி. நகருது வரிசை. நான் வண்டிய எடுத்து முன்னால விட்டுட்டு வர்றேன். நீங்களும் ஒட்டினாப்புல வந்துருங்க, விட்டா எவனாச்சும் உள்ள புகுந்துருவான்.

வந்துட்டேன். கொழாய மாட்டித் தொறந்து விட்டாச்சு. கருப்பு ஓடுது. பெறகு சாம்பல். அது நேரமாகும், அம்புட்டுச் சோறு போயிருக்கு உள்ள. ஏன்மா கண்ணாடிய ஏத்திட்டீங்க? நாத்தமா? சரி சரி, பாதி எறக்கிக்கங்க, பேச்சுக் கேக்கணும்ல.

எங்க விட்டேன்? ஆங். இன்னைக்கிக் காலையில ஜெரால்டு ஒரு கம்பிய விட்டுத் திருகித் திருகி அந்த அறைய உள்ள தள்ளிட்டான். அந்நேரம் என் போன்ல ஒரு செய்தி வருது. "உங்கள் கேபின் உறுதி செய்யப்பட்டது, கதவைத் திறக்கும் எண் இது"ன்னு. போட்டுட்டா தம்பி! வெளையாட்டுக்குச் சொல்றாள்னு பாத்தா, விடியக்காலையில பார்க் ஆபீசுக்கு நடந்து போய்ப் போட்டுட்டா. பார்க் கணக்கு என் பேர்ல இருக்கறதால செய்தி எனக்கு வந்துருச்சு. அவ அதை யோசிக்கல.

நான் சண்டை போடல. சண்டை போடுற ஆளில்ல நான். நேரா ஆபீசுக்குப் போனேன். அங்க டோரீன்னு ஒரு அம்மா, தலை பூரா நரை. கேபின் வேணாம், ரத்து பண்ணிருங்கன்னேன். "உங்க மனைவிகிட்டக் கேட்டீங்களா"ன்னு கேக்குது. "எங்க வீட்டுல நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதான்"னேன். நம்ம பேச்சுல அது நல்லாருக்கும், இங்கிலீஷ்ல சொன்னப்போ சரியா வரல போல. அந்தம்மா கண்ணாடியக் கழட்டி என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. ஆனா ரத்து பண்ணிருச்சு. கணக்கு என் பேர்லல்ல இருக்கு.

காளிகிட்ட இன்னும் சொல்லல. துணிப்பையத் தூக்கிக்கிட்டுக் கேபினப் பாத்து நடந்தா. நான் தடுக்கல. கதவு நம்பரப் போடுவா, தொறக்காது. கொஞ்ச நேரம் நிப்பா. அதுக்குள்ள நான் தொட்டியக் காலி பண்ணி, தரைவிரிப்ப அலசி, வண்டிய அவ முன்னாடி கொண்டு போய் நிறுத்திருவேன். வண்டி நாறுதுன்னுதான அவளுக்கு ஏற மனசில்ல? அது சரியாயிட்டா ஏறிருவா. இன்னொண்ணு வச்சிருக்கேன். வண்டிக்காரன் காலையில போன எடுத்தான். கோடை முடியற வரைக்கும் வாராவாரம் வண்டி நமக்குத்தான்னு பேசிட்டேன். ஜெரால்டு இன்னும் நாலு குடும்பத்தக் கூட்டிட்டு வர்றானாம். ஏரி ஏரின்னு உசுர விடுறாளே, வாராவாரம் பாக்கட்டும். சொன்னா எப்படி இருக்கும் அவளுக்கு?

கருப்பு போயிருச்சு, சாம்பலத் தொறந்து விட்டுட்டு வந்துட்டேன். என்ன தம்பி? நீங்களும் வீட்டுக்காரங்களும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறீங்க. சொல்லுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்.

இருங்க. போன் வருது. பார்க்ல சிக்னல் விட்டு விட்டுத்தான் வருது, இந்தச் சாக்கடை பக்கத்துல மட்டும்தான் நல்லாக் கெடைக்குது.

ஹலோ. சொல்லு ஜெரால்டு. ஆமா, சாம்பல் இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கு. காளி வந்துட்டாளா? கதவு தொறக்கலன்னு திரும்பிட்டாளா? நான் வந்துட்டேன்னு சொல்லு… என்னது? ஆபீசுக்கா? எதுக்கு? … அந்தம்மா எதுக்கு அதையெல்லாம் இவகிட்டச் சொல்லுச்சு? … யாரு குடுத்தா? … பையனுமா? … நீ எங்க போயிருந்த? … வேற ஒண்ணும் சொல்லலயா? … சரி வையி.

தம்பி, இந்த அநியாயத்தக் கேளுங்க. கதவு தொறக்கலன்னு நேரா ஆபீசுக்குப் போயிருக்கா. நான் ரத்து பண்ணதை அந்த டோரீன் அம்மா சொல்லியிருக்கு. கேபின அதுக்குள்ள வேற யாருக்கோ குடுத்தாச்சாம். அந்தம்மாவே உள்ள போய், வாடகைக்கு வச்சிருக்கற கூடாரம் ஒண்ணத் தேடி எடுத்து, ஏரிக்கு அங்கிட்டுக் காட்டுக்குள்ள ஒரு எடத்த இவளுக்குக் குடுத்திருச்சு. காளீஸ்வரின்னு எழுத்துக் கூட்டிக் கேட்டு, அவ பேர்லயே போட்டுச்சாம். ஷீபா, அந்த ஷீபாதான், சாமானத் தூக்கிக்கிட்டுக் கூடப் போயிருக்கா. எம்பையன் கூடாரத்துக்கு முளையடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கான். எம்பையன்!

அங்க கரண்டு கெடையாது, கொழாய் கெடையாது, அடுப்பு வைக்கக்கூட எடமில்லையாம். எப்படி இருப்பா? வண்டி போற பாதையும் கெடையாது. மரத்துக்கு நடுவுல ஒத்தையடிப் பாதை. நடந்துதான் போகணுமாம்.

ஜெரால்டுகிட்ட எனக்குச் சொல்லிவிட்டுருக்கா. என்ன சொல்லியிருக்கா தெரியுமா? "புதன்கெழமை வந்துருவேன். பொங்கல் வச்ச குக்கர் ரெண்டும் சனிக்கெழமையில இருந்து ஊறுது, கழுவி வைக்கச் சொல்லுங்க." இம்புட்டுத்தான். வேற ஒண்ணும் சொல்லலயான்னு கேட்டேன். இல்லையாம். பாடிக்கிட்டுப் போனாளாம். அவ பாடுவாளா? எனக்குத் தெரியாது தம்பி.

எதுக்கும்மா சிரிக்கிறீங்க? நான் என் வயித்தெரிச்சலச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

நீங்க சொல்றது சரிதான் தம்பி, நடந்து போகலாம்தான். அரை மைல்தான் இருக்கும், போய்க் கேக்கலாம்தான், என்னடி வேணும் உனக்குன்னு. ஆனா கொழாய் மாட்டியிருக்கு. தொட்டி கால்வாசிகூடக் காலியாகல. வண்டிய இப்படியே விட்டுட்டுப் போனா அந்த ஆபீஸ் அம்மா விடுமா? முன்னாடி எடுக்க முடியாது, பின்னாடி நீங்க நிக்கிறீங்க. நான் எப்படிப் போறது, சொல்லுங்க?